நம்ம ஊரு வழியா போன பழைய தபால் ரோட்டை மேப்புல தேடுறவங்களுக்கு

எங்க ஊரு ராயக்கோட்டை பக்கம். ஊருக்கு மேக்கால ஒரு பள்ளப்பாதை இருக்கு, ரெண்டு பக்கமும் கிழட்டுப் புளியமரம், நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அளவுக்கு மண்ணு தேஞ்சு குழிஞ்சு கிடக்கும். எங்க தாத்தா அதை தபால் ரோடுன்னுதான் சொல்லுவாரு, அதாவது வெள்ளைக்காரன் காலத்துல கடுதாசி போன வழி. சரி, வெள்ளைக்காரன் போட்ட பழைய மேப்புல இது இருக்கான்னு பாத்துடலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் உக்காந்தேன். ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சது எட்டு மாசம் இழுத்துச்சு. நடுவுல ஒரு தடவை ஏமாந்தேன், ஒரு தடவை சென்னை போயி வெறுங்கையோட வந்தேன், ஒரு தடவை டீக்கடையில அத்தனை பேரு முன்னாடி தப்பா அடிச்சு விட்டு அசிங்கப்பட்டேன். அதெல்லாம் உங்களுக்கு வேணாம்னுதான் இதை எழுதுறேன்.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். பழைய மேப்புல கோடு இருக்குன்னா அங்க ரோடு இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. முந்தி வந்த மேப்ப பாத்து அடுத்தவன் வரைவான், அவனை பாத்து இன்னொருத்தன். நிஜமா காலால நடந்து, சக்கரம் உருட்டி அளந்து எழுதுன தூர லிஸ்ட் ஒண்ணு தனியா இருக்கும், அதைத்தான் நம்பணும். மேப்பு அதுக்கு துணைதான். இது தெரியாம நான் ஆறு மாசம் வெறும் மேப்பா சேத்துட்டு இருந்தேன்.

1. தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு தேடாதீங்க

முதல் தப்பு எல்லாரும் பண்றது இதுதான், நானும் பண்ணேன். சென்னையில ஒரு ஆபீஸ்ல போயி "கிருஷ்ணகிரி ஜில்லா பழைய மேப்பு வேணும்"னு கேட்டேன், அப்படி ஒண்ணு கேட்லாக்ல இல்லன்னு சொல்லிட்டாங்க, நானும் வந்துட்டேன். அவங்க சொன்னது சரிதான். தர்மபுரி ஜில்லாவே 1965 அக்டோபர்லதான் வந்துச்சு, கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004 பிப்ரவரியில. அதுக்கு முன்னாடி எல்லாமே சேலம் ஜில்லா. அதுக்கும் முன்னாடி, 1792ல திப்பு கையில இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த சமயத்து ரெக்கார்டு எல்லாம் பாராமஹால்ங்கிற பேருல இருக்கும். ஓசூர் பக்கம் இன்னும் ஏழு வருஷம் கழிச்சு, 1799ல திப்பு செத்த பிறகுதான் கம்பெனிகிட்ட வந்துச்சு, அதனால அதுக்கு முந்தின மேப்புல ஓசூரை மைசூர் ஷீட்ல தேடணும்.

பர்கூர், மத்தூர் பக்கத்துக்காரங்க திருப்பத்தூர் தாலுக்கா பேருலயும் தேடிப் பாருங்க, 1911 வரைக்கும் திருப்பத்தூர் சேலம் ஜில்லாவுலதான் இருந்துச்சு.

ஆக தேடும்போது போட வேண்டியது சேலம், பாராமஹால். உங்க ஊர் பேரு கடைசியில.

2. ஊர் பேரை வெள்ளைக்காரன் எப்படி எழுதுனான்னு ஒரு லிஸ்ட் போடுங்க

இதுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க, சலிப்பா இருக்கும், ஆனா இதுதான் அடிப்படை. கிருஷ்ணகிரிக்கு கே பக்கத்துல ஆர் வரவே வராது பல மேப்புல, கே-ஐ-எஸ்-டி-என்-ஏன்னு ஆரம்பிச்சு கிஸ்ட்னகெர்ரி மாதிரி இருக்கும். தர்மபுரி தாரம்பூரியா இருக்கும், டி-க்கு அப்புறம் எச் இருக்காது. ஓசூருக்கு ரெண்டு ஓ போட்டு ஊஸ்ஸூர். ராயக்கோட்டை ரையகோட்டா, கடைசியில ஒரு எச் சில சமயம் ஒட்டிட்டு இருக்கும். காவேரிப்பட்டணம் கே-ல இல்ல, சி-ல. தென்கரைக்கோட்டையை டிங்ரிகோட்டான்னு போட்டிருப்பான், நான் அதை பாத்துட்டு இது எந்த ஊருடா சாமின்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பாராமஹாலையே பாராமால்னு ஒருத்தன், பார்ராமஹால்னு இன்னொருத்தன்.

சின்ன ஊரா இருந்தா சத்தமா வாய்விட்டு சொல்லிப் பாருங்க. நம்ம ஊர் பேரை தமிழ் தெரியாத ஒருத்தன், ஒரு தெலுங்கு துபாஷி, அதாவது மொழிபெயர்த்து சொல்றவன், சொல்லக் கேட்டு எழுதுனா எப்படி எழுதுவான்னு யோசிங்க. முக்கால்வாசி அப்படித்தான் விழுந்திருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் அஞ்சாறு ஸ்பெல்லிங் எழுதி ஒரு நோட்டுல வெச்சுக்கங்க, இனிமே எங்க போனாலும் அந்த நோட்டு கூடவே வரணும்.

3. தபால்ங்கிற வார்த்தையையும் சரியா தேடணும்

நம்ம பக்கம், அதாவது மெட்ராஸ் பிரசிடென்சியில, வெள்ளைக்காரன் எழுதுனது டி-ஏ-பி-பி-ஏ-எல் (TAPPAL), டப்பால். தாலுக்கா ஆபீஸ்ல "தபால்ல போட்டாச்சா"ன்னு கேக்குறாங்களே அதே வார்த்தைதான். வடக்க, கல்கத்தா பக்கம் எழுதுனது டாக். டாக் ரோடுன்னு மட்டும் தேடுனா வங்காள மேப்பா வந்து குவியும். ரெண்டையும் தேடுங்க, கூடவே போஸ்ட் ரோடு, ரூட் புக், ரோடு புக்குன்னும் தேடுங்க.

இந்த ரூட் புக்குதான் நான் மேல சொன்ன தூர லிஸ்ட். பட்டாளம் நடக்கறதுக்காக போட்டது. ஒவ்வொரு ஊரா வரிசையா எழுதி பக்கத்துல ரெண்டு காலம், எம், எஃப்னு இருக்கும். மைல், ஃபர்லாங். 8 ஃபர்லாங் ஒரு மைல், ஒரு ஃபர்லாங் கிட்டத்தட்ட 200 மீட்டர். 7 எம் 4 எஃப்னு இருந்தா ஏழரை மைல், 12 கிலோமீட்டர். கூடவே ரிமார்க்ஸ்னு ஒரு காலம், அங்கதான் விஷயமே இருக்கும், ஆத்தை எங்க தாண்டணும், தண்ணி கிடைக்குமா, சத்திரம் இருக்கா, கணவாய் செங்குத்தா, எல்லாம். தொப்பூர் கணவாய் மாதிரி இடத்துக்கு இந்த ரிமார்க்ஸ் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா கணவாய்ல ரோடு இடம் மாறிட்டே இருக்கும், மேப்புல எல்லா காலத்துக்கும் ஒரே கோடுதான் போட்டிருப்பான்.

எந்த வருஷத்து லிஸ்ட் தேடணும்? 1854க்கு முந்தினதா பாருங்க. அந்த வருஷம் வரைக்கும் கடுதாசிக்கு காசு தூரத்தை வெச்சுத்தான் வாங்குனாங்க, எத்தனை மைலோ அத்தனை காசு, அதனால தபால்காரனுக்கு மைல் கணக்கு சோறு மாதிரி. 1854 அக்டோபர்ல அரையணா ஸ்டாம்பு வந்து, நாடு பூரா எடைக்குத்தான் காசு தூரத்துக்கு இல்லன்னு ஆன பிறகு அந்த அக்கறை போயிடுச்சு. பின்னால வந்த போஸ்டல் மேப்புங்க பாக்க அழகா இருக்கும், போஸ்ட் ஆபீஸ் எங்க இருக்குன்னு சொல்லும், ஆனா ஊருக்குள்ள ரோடு எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லாது.

4. வீட்ல உக்காந்தே எவ்ளோ எடுக்கலாமோ எடுங்க, காசு குடுக்காதீங்க

இங்கதான் நான் ஏமாந்தேன். ஆன்லைன்ல ஒருத்தர் "ஒரிஜினல் ஆன்டிக் மேப்பு, மெட்ராஸ் பிரசிடென்சி"ன்னு விளம்பரம் போட்டிருந்தாரு, 4,500 ரூபா. வாங்கிட்டேன். வந்தது பழுப்பு கலர் அடிச்ச புது பிரிண்ட்டு, அதுலயும் ஊர் பேரு படிக்க முடியல. ரெண்டு வாரம் கழிச்சு அதே மேப்பு ஒரு லைப்ரரி சைட்ல இலவசமா, பத்து மடங்கு தெளிவா கிடக்கறதை பாத்தேன். என் வூட்டுக்காரி அதை இன்னும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டி வெச்சிருக்கா, எனக்கு பாடம் கத்துக்குடுக்கத்தான்.

எங்க தேடணும்னா, டேவிட் ரம்சி மேப் கலெக்ஷன், அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி, இன்டர்நெட் ஆர்க்கைவ், சிகாகோ யுனிவர்சிட்டியோட டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி. கடைசியா சொன்னதுல இம்பீரியல் கெஜட்டியர் அட்லஸ் பூரா இருக்கு. நம்ம நாட்டு நேஷனல் ஆர்க்கைவ்ஸோட அபிலேக் படால் சைட்டும் இருக்கு, அதுல ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணிக்கங்க.

எந்த மேப்பு? ரென்னல் போட்ட ஹிந்துஸ்தான் மேப்பு 1782ல வந்தது, ஊரு திசையைத் தாண்டி ஒண்ணும் தெரியாது, சும்மா பாத்துட்டு விடுங்க. நமக்கு உருப்படியா இருக்கறது ஆரோஸ்மித் 1822ல போட்ட தென்னிந்திய அட்லஸ், லாம்டனும் மெக்கன்சியும் பண்ண சர்வேயை வெச்சு போட்டது, 4 மைலுக்கு ஒரு இன்ச். அப்புறம் 1827ல இருந்து வர ஆரம்பிச்ச இந்தியன் அட்லஸ் ஷீட்டுங்க, அதுவும் 4 மைலுக்கு ஒரு இன்ச்தான். கடைசியா 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல வந்த ஒரு மைலுக்கு ஒரு இன்ச் ஷீட்டு, இதுல ஊருக்கு வெளிய இருக்கற ஒத்தை மரம் வரைக்கும் போட்டிருப்பான், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

புக்கு பக்கம் மூணு. 1907ல இருந்து அரசாங்கம் அச்சடிச்ச பாராமஹால் ரெக்கார்ட்ஸ், 1883 சேலம் ஜில்லா மேனுவல், 1918 சேலம் கெஜட்டியர். மூணுமே நெட்ல தேடுனா கிடைக்கும். எடுத்த உடனே முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சுடாதீங்க, ரோடு, சத்திரம், சுங்கம் இந்த மூணு தலைப்ப மட்டும் பாருங்க. சுங்கச்சாவடி இருந்த ஊருன்னா அது வழியா ரோடு போயிருக்கு, வேற பேச்சே இல்ல.

டவுன்லோடு பண்ணும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க, தயவுசெஞ்சு. பெரிய ஃபைலா, டிஃப் இல்ல ஜேபி2 எதுல இருந்தாலும் அதை எடுங்க. ஒரு மேப்பு 200 எம்பி கூட வரும், ராத்திரி போட்டு விட்டு தூங்கிடுங்க.

5. உங்க ஊரு எந்த ஷீட்ல விழுதுன்னு பாத்துக்கங்க

ஒரு இன்ச் ஷீட்டுக்கு நம்பர் முறை இன்னும் மாறல, சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோப்போ ஷீட் நம்பர் அதேதான். ரெண்டு ஜில்லாவும் பெரும்பாலும் 57 எச், 57 எல் ரெண்டுல அடங்கிடும், பாப்பிரெட்டிப்பட்டி, தொப்பூர் பக்கம் தெக்க இறங்கி 58 ஐ-ல போயிடும். தர்மபுரி டவுன் 57 எல்/4. அரூர் 57 எல்/8. பாலக்கோடும் காவேரிப்பட்டணமும் எல்/3. ஓசூர், தேன்கனிக்கோட்டை 57 எச்/14. பென்னாகரம், ஒகேனக்கல் எச்/16.

கிருஷ்ணகிரிக்காரங்க கவனிங்க, டவுன் எல்/2ல இருக்கு, ஆனா ஷீட்டோட அடி விளிம்புல, பன்னிரண்டரை டிகிரி கோட்டுக்கு கொஞ்சம் மேல. தெக்க போற ரோடு ரெண்டு மூணு இன்ச்லயே ஷீட்ட விட்டு ஓடிடும், அதனால எல்/3யையும் சேத்து எடுக்கணும். எங்க ராயக்கோட்டை பக்கம் கேக்கவே வேணாம், எச்/14, எச்/15, எல்/2, எல்/3 நாலு ஷீட்டோட மூலையும் ஒண்ணா சேர்ற இடத்துக்கு பக்கத்துல உக்காந்திருக்கோம். நாலையும் எடுத்து ஒட்டுனாத்தான் ஒரு ஊரு தெரியும்.

இப்போ சர்வே ஆஃப் இந்தியா சைட்ல கிடைக்கற புது ஓப்பன் சீரீஸ் மேப்புக்கு நம்பர் முறை வேற, குழப்பிக்காதீங்க. அதையும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கங்க, ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

6. மேப்போட வயசை அதுல போட்டிருக்கற வருஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க

கீழ போட்டிருக்கறது அச்சடிச்ச வருஷம். சர்வே பண்ணது 30, 40 வருஷம் முன்னாடி இருக்கலாம். ரயில் மட்டும் புதுசா சேத்து பழைய செம்புத் தகட்டையே மறுபடி அடிச்சிருப்பான். ஓரத்துல பொடி எழுத்துல இருக்கறதை எல்லாம் படிங்க.

எங்க பக்கத்து மேப்புக்கு நான் வெச்சுக்கிட்ட அளவுகோல் இது. ஜோலார்பேட்டை சேலம் ரயில் இல்லன்னா 1860-61க்கு முந்தின சமாச்சாரம். மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு சின்ன ரயில் கோடு இருந்தா 1906க்கு பிந்தினது. பென்னாகரத்துக்கு தெக்க காவேரி ஒல்லியா ஆறா ஓடுனா மேட்டூர் அணைக்கு, அதாவது 1934க்கு முந்தினது, தண்ணி அகலமா விரிஞ்சு கிடந்தா பிந்தினது. அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அணைக்கு முந்தின ஷீட்டுதான் முக்கியம், தண்ணிக்குள்ள போன ஊரும் பாதையும் அதுலதான் இருக்கும். கே.ஆர்.பி. டேம், அதாவது கிருஷ்ணகிரி அணை, தெரிஞ்சா 1950களோட கடைசிக்கு அப்புறம்.

7. சென்னை பயணம்

மேல சொன்ன ஆறும் முடிச்சிட்டுத்தான் பஸ் ஏறணும். எழும்பூர்ல காந்தி இர்வின் ரோட்டுல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ஸ்டேஷன்ல இறங்குனா நடக்கற தூரம். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, ராத்திரி பஸ்ஸுதான். தர்மபுரிக்காரங்க மொரப்பூர் போயி ரயில் பிடிக்கலாம். சனி ஞாயிறு, அரசு விடுமுறை பாத்துட்டு போங்க. திங்கக்கெழம காலையில போனா நல்லது, ஏன்னா இன்னைக்கு எழுதிக் குடுத்த கட்டு இன்னைக்கே கைக்கு வரணும்னு இல்ல, ஒரு நாள் வேலைன்னு போனீங்கன்னா கேட்லாக் பாக்கறதுலயே பொழுது போயிடும். குறைஞ்சது மூணு நாள் வெச்சுக்கங்க.

கையில வேண்டியது: ஆதார் ஒரிஜினல், ரெண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, எதுக்கு பாக்கணும், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னு ஒரு பக்கத்துல லெட்டர். படிக்கிற பசங்கன்னா டிபார்ட்மென்ட் தலைவர்கிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கிட்டு போங்க, படிக்காதவங்களும் லோக்கல் ஸ்கூல் ஹெச்.எம். இல்ல காலேஜ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட அறிமுகக் கடிதம் வாங்கிக்கிட்டா பேச்சு சுலபமா முடியும். கட்டணம், நகல் ரேட்டு, போட்டோ எடுக்க விடுவாங்களா இதெல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுக்கங்க, போன வருஷம் போனவன் சொன்னான்னு நம்பாதீங்க. பென்சில் எடுத்துட்டு போங்க, பேனா வேணாம். ஒரு ஸ்வெட்டர்கூட வேணாம், தூசிக்கு ஒரு மாஸ்க் கட்டாயம் வேணும்.

என்ன கேக்கணும்? "மேப்பு இருக்கா"ன்னு மட்டும் கேட்டா வேலைக்கு ஆகாது. ஆரம்ப கால தபால் விஷயம் பப்ளிக் டிபார்ட்மென்ட் நடவடிக்கையில வரும். ரோடு, சத்திரம், பாலம், புளியமரம் நட்டது வெட்டுனது எல்லாம் ரெவின்யூ போர்டு நடவடிக்கையிலயும் சேலம் ஜில்லா ரெக்கார்டுலயும் வரும். முதல்ல இன்டெக்ஸ் கேளுங்க, உங்க ஸ்பெல்லிங் நோட்ட வெச்சு ஒவ்வொரு பேரா தேடுங்க. எனக்கு மேப்புல கிடைக்காதது ஒரு மரம் ஏலம் விட்ட கடுதாசியில கிடைச்சுது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல இருக்கற சாலை மரம்னு தெளிவா எழுதியிருந்தான்.

அங்க வேலை சீக்கிரம் முடிஞ்சா பாந்தியன் ரோட்டுல கன்னிமாரா லைப்ரரி, ஆட்டோ கூட வேணாம், நடந்தே போயிடலாம். மூணு நாளைக்கு பஸ்ஸு, லாட்ஜு, சாப்பாடு எல்லாம் சேத்து எனக்கு 4,000 ரூபாய்க்கு கொஞ்சம் மேல ஆச்சு. முன்னாடி ஒரு தடவை சும்மா போயிட்டு வந்த செலவு தனி, அதை வீட்ல சொல்லல.

8. கிராம மேப்பும் ஏ ரெஜிஸ்டரும்

பெரிய மேப்பு ரோட்டை ஊரு வரைக்கும் கொண்டாந்து விடும். ஊருக்குள்ள எந்த நிலம் வழியா போச்சுன்னு கேட்டா சர்வே ரெக்கார்டுதான் சொல்லும்.

இலவசமா ஆரம்பிங்க. பட்டா பாக்கற அரசு சைட்லயே சர்வே நம்பர் போட்டா எஃப்.எம்.பி. வரைபடமும் (நிலத்தோட அளவு போட்ட படம்), ஏ ரெஜிஸ்டர் விவரமும் (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு எழுதுன பதிவேடு) வரும். புறம்போக்கு வண்டிப்பாதைன்னு இருக்கற நம்பரை எல்லாம் குறிச்சுக்கங்க. அந்த நம்பருங்க ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி ஒரு நீளமான கோடா ஊரைத் தாண்டி அடுத்த ஊருக்கு போகுதுன்னா உங்க ரோடு அதுதான். வி.ஏ.ஓ. கிட்ட கிராம மேப்பு இருக்கும், நல்லபடியா கேட்டா காட்டுவாரு. பட்டா விவகாரமோன்னு அவருக்கு சந்தேகம் வரும், முதல்லயே "அண்ணா, நிலத் தகராறு ஒண்ணும் இல்ல, ஊர் வரலாறுக்கு"ன்னு சொல்லிடுங்க.

கிராம மேப்பு நகல் வேணும்னா சர்வே துறையில காசு கட்டி வாங்கலாம், தாலுக்கா ஆபீஸ் சர்வே பிரிவுல கேளுங்க, அங்க இல்லன்னா சென்னை சேப்பாக்கத்துல இருக்கற தலைமை ஆபீஸ். பழைய ரெக்கார்டு இருக்கா இல்லையான்னே யாரும் சொல்லலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும், ஏ4 நகல் பக்கத்துக்கு 2 ரூபா, பெரிய மேப்புன்னா அதோட அசல் செலவு. "எங்க ஊரு பழைய ரோட்டைப் பத்தி எல்லா தகவலும் வேணும்"னு எழுதுனா ஒண்ணும் வராது. கிராமம், தாலுக்கா, சர்வே நம்பர், எந்த ரெஜிஸ்டர், இவ்ளோ தெளிவா கேளுங்க. நேர்ல பாக்க அனுமதி கேட்டீங்கன்னா முதல் ஒரு மணி நேரம் இலவசம், நான் அப்படித்தான் பாத்தேன், நகல் வாங்கறதை விட அது மேல்.

இங்க ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு, யூ.டி.ஆர்.ல, அதாவது 1980கள்ல நிலப் பதிவேடெல்லாம் புதுப்பிச்சப்போ, சர்வே நம்பர் மாறியிருக்கலாம். பழைய ரெக்கார்டுல இருக்கற நம்பரை இன்னைக்கு சைட்ல போட்டா வேற யாரு நிலமோ வரும். பழைய நம்பருக்கு புது நம்பர் எதுன்னு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும், அதை கேட்டு வாங்குங்க. பழைய அளவு எல்லாம் செயின், லிங்க்ல இருக்கும், 100 லிங்க் ஒரு செயின், ஒரு செயின் 66 அடி.

ரெண்டாவது, உங்க ஊரு மிட்டா கிராமமா, அதாவது ஜமீன் மாதிரி ஒருத்தர் கையில இருந்த ஊரா இருந்துச்சான்னு பெரியவங்கள கேளுங்க. மிட்டாதாரர் கையில இருந்த ஊருங்களுக்கு ரயத்துவாரி ஊர் (விவசாயி நேரா அரசாங்கத்துக்கே வரி கட்டுன ஊர்) மாதிரி பழைய சர்வே பெரும்பாலும் இருக்காது, 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் அளந்திருப்பாங்க. அப்படின்னா இந்தப் படியில ரொம்ப நாள் வீணாக்காதீங்க.

பாதையை யாரோ அடைச்சிட்டாங்க, கேஸ் போடத்தான் இதெல்லாம் தேடுறேன்னு சொல்றவங்களுக்கு: நெட்ல எடுத்த பிரிண்ட்டை கோர்ட்டுக்கு தூக்கிட்டு போகாதீங்க, ஆபீஸ் முத்திரை போட்ட சான்றிட்ட நகல் வாங்கிட்டு வக்கீல பாருங்க.

9. பழசை புதுசு மேல வெச்சு பாக்கறது

க்யூ-ஜிஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல ஜியோரெஃபரன்சர்னு ஒரு டூல். பழைய மேப்புல நாலு இடம், இன்னைக்கு சேட்டிலைட் படத்துல அதே நாலு இடம் தொட்டு காட்டுனா ரெண்டையும் பொருத்திக் குடுக்கும். கத்துக்க ஒரு வாரம் ஆகும், தமிழ்லயே வீடியோ இருக்கு.

என் டீக்கடை கதை இங்கதான். நான் சோம்பேறித்தனமா மேப்பு ஓரத்துல அச்சடிச்சிருந்த அட்சரேகை தீர்க்கரேகை நம்பரையே போட்டு பொருத்திட்டேன். ரோடு எங்க ஊரை விட்டு கிழக்க, வேற ஒரு ஊரு வழியா போச்சு. டீக்கடையில போன்ல காட்டி, தாத்தா சொன்னதெல்லாம் பொய்யி, தபால் ரோடு நம்ம ஊர்லயே இல்லன்னு சொல்லிட்டேன். ஒரு பெரியவரு "ஏம்ப்பா, உன் மேப்புல ராயக்கோட்டை மலை எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு. பாத்தா கோட்டையே கிழக்க நாலு கிலோமீட்டர் தள்ளி ஏதோ வயல்ல நிக்குது. காரணம் என்னன்னா, அந்தக் காலத்துல மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தோட தீர்க்கரேகையை ரெண்டு மூணு நிமிஷம் கூட வெச்சு கணக்கு போட்டிருந்தாங்க, நம்ம பக்கம் அது கிட்டத்தட்ட 4, 5 கிலோமீட்டர். பல ஷீட்டுல ஓரத்துல இதை திருத்தம்னு போட்டிருப்பான், நான்தான் படிக்கல.

அதனால கட்டம் போட்ட நம்பரை நம்பாம நகராத பொருளை வெச்சு பொருத்துங்க. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, தீர்த்தமலை, பெரிய ஏரியோட கரை, ஆறு சேர்ற இடம், பழைய கோயில். ரோடு ஜங்ஷன் வேணவே வேணாம், அதைத்தானே தேடிட்டு இருக்கோம். நாலு இடம் பத்தாது, பத்து பன்னெண்டு வையுங்க, ஷீட்டு நாலு மூலையிலயும் இருக்கற மாதிரி.

பொருத்துன பிறகு ரூட் புக் தூரத்தை எடுங்க. ஊருக்கு ஊரு அதுல எத்தனை மைலோ, உங்க கோட்டுல அளந்தா அவ்ளோ வருதா? அவங்க சக்கரத்தை ரோட்டு மேலயே உருட்டுனாங்க, அதனால வளைவு நெளிவு எல்லாம் அதுல சேந்திருக்கும், ரெண்டு ஊருக்கு நடுவுல நேர்கோடு போட்டு அளந்தா குறைச்சலாத்தான் வரும். கால் மைல், அரை மைல் வித்தியாசம்னா விடுங்க. ஒரு மைலுக்கு மேல போனா உங்க கோடு தப்பு, வேற வழி இருந்திருக்கு.

10. நடங்க

மேப்ப பிரிண்ட் போட்டு எடுத்துட்டு போங்க, வெயில்ல போன் ஸ்க்ரீன் தெரியாது. வீட்டு ப்ளான் பிரிண்ட் போடற ஜெராக்ஸ் கடையில பெரிய சைஸ் போட்டு குடுப்பாங்க. கூட ஊர்ல ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர கூட்டிட்டு போங்க. அவருகிட்ட "தபால் ரோடு எங்க"ன்னு கேக்காதீங்க, நம்ம என்ன எதிர்பாக்கறோமோ அதையே சொல்லிடுவாங்க. "ராயக்கோட்டை சந்தைக்கு உங்க அப்பா காலத்துல எப்படி போவாங்க, மாட்டுக்கு எங்க தண்ணி காட்டுவாங்க, சுமைதாங்கி எங்க இருந்துச்சு"ன்னு கேளுங்க.

பாக்க வேண்டியது சாலைப் புளியமரம் வரிசை, இடிஞ்ச சத்திரம், கிணறு, சுமைதாங்கிக் கல்லு, மைல் கல்லு. மைல் கல்லுல ரோமன் எண்ணோ, ௭ மாதிரி தமிழ் எண்ணோ இருக்கலாம், விரல்ல தடவிப் பாருங்க, சுண்ணாம்பு அடிச்சு மறைஞ்சிருக்கும். கல்லுல எழுத்தோட சேந்து பெரிய குழி, சின்ன குழின்னு வரிசையா இருந்தா கையை வைக்காதீங்க, அது வெள்ளைக்காரன் கல்லு இல்ல. தர்மபுரி பக்கம் கிடைச்ச அதியமான் பெருவழிக் கல்லு அப்படித்தான், எழுதப் படிக்கத் தெரியாதவனும் எத்தனை காதம்னு எண்ணிக்கட்டும்னு பெரிய குழி பத்து, சின்ன குழி ஒண்ணுன்னு வெட்டி வெச்சது, நம்ம தபால் ரோட்டுக்கு பல நூறு வருஷம் மூத்தது. போட்டோ எடுத்து, இடத்தை குறிச்சு, தர்மபுரி மியூசியத்துல சொல்லிடுங்க. கழுவறேன், சந்தனம் பூசறேன்னு ஆரம்பிச்சுடாதீங்க.

போறதுக்கு நல்ல சமயம் தை, மாசி. ஐப்பசி கார்த்திகையில பள்ளப்பாதை பூரா ஓடையா ஓடும், புதர் மண்டி பாம்பு கிடக்கும். சித்திரை வைகாசியில வெயிலு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் பழைய ரோடு பாதி இப்போ மாந்தோப்புக்குள்ள போகுது, காய் இருக்கற நேரத்துல கையில சுருட்டுன பேப்பரோட தோப்பை எட்டி எட்டி பாத்துட்டு நின்னா காவக்காரர் வந்து கேக்கறதுக்கு நீங்க வெள்ளைக்காரன், தபாலு, 1822ன்னு ஆரம்பிச்சா நம்ப மாட்டாரு. தோப்புக்காரருக்கு முந்தின நாளே போன் பண்ணி சொல்லி வெச்சிடுங்க.